ரொறன்ரோவில் சிற்றிக்குள்ளே மட்டும் ஓட வின்ரர் ரயர் வேண்டுமா?

கேள்வி: 2024 ஒக்டோபர் 19

கனடாவுக்கு வந்து ஏழு மாதம். ஸ்காபரோவில் மார்க்கம் றோட், எல்ஸ்மியர் பக்கம் ஒரு பேஸ்மென்றில் இருக்கிறேன். பழைய கொறோலா ஒன்று வாங்கியிருக்கிறேன். நான்கும் ஓல் சீசன் ரயர், மூன்று வருடம் ஓடியவை. வேலைக்கு ஒரு பக்கம் 11 கிலோமீற்றர், ஹைவே ஏறுவதில்லை. வேலையிடத்தில் பாதிப் பேர் வின்ரர் ரயர் கட்டாயம் போடு என்கிறார்கள். மற்றவர்கள் சிற்றிக்குள்ளே உப்புப் போட்டுத் துப்புரவாக்கி விடுவார்கள், வீண் செலவு என்கிறார்கள். கையில் காசும் குறைவு, கழற்றிய ரயரை வைக்க இடமும் இல்லை. எது சரி?

பதில்: 2024 ஒக்டோபர் 20

போடுங்கள் தம்பி. காசில்லை என்றால் வேறு எதையாவது தள்ளிப் போடுங்கள், இதைத் தள்ளாதீர்கள்.

ஓல் சீசன் என்ற பெயர்தான் எல்லோரையும் குழப்புகிறது. இந்த நாட்டில் அது மூன்று சீசனுக்கான ரயர். ஜனவரியில் வீட்டுப் பின்கதவுக்கு வெளியே றப்பர் செருப்பை ஒரு இரவு விட்டுவிட்டு, விடியக் காலில் போட்டுப் பாருங்கள், பலகைத் துண்டு மாதிரி இருக்கும். ஓல் சீசன் ரயரின் றப்பருக்கும் அதுதான் நடக்கிறது. 7 பாகைக்குக் கீழே போனால் அது இறுகத் தொடங்கும், இறுகிய றப்பர் றோட்டைப் பிடிக்காது. வின்ரர் ரயரின் றப்பர்க் கலவை வேறு, மைனஸ் 20இலும் அது மெத்தென்று இருக்கும். அதோடு அதன் றோட்டில் படும் றப்பர்க் கட்டைகளில் பிளேட்டால் கீறியது போல நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் இருக்கும். அவைதான் ஸ்னோவைக் கவ்வுகிற பற்கள்.

ரயரின் பக்கத்தில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் போட்ட அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் எம் பிளஸ் எஸ் (M+S) எழுத்தை நம்ப வேண்டாம், அது பூவெட்டின், அதாவது ரயரின் மேல் உள்ள வெட்டுகளின், அமைப்பைச் சொல்கிற எழுத்து மட்டும்தான். உங்கள் ஓல் சீசனிலும் அது இருக்கும்.

அதே நாள், இரவு

காலையில் அவசரத்தில் கட்டளை மாதிரி எழுதிவிட்டேன். காசு இல்லை என்று சொல்கிற ஒருவருக்கு அப்படிச் சொல்லக்கூடாது. நான் ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் என்று சொல்லிவிடுகிறேன்.

2009 ஜனவரி. நானும் உங்களைப் போலத்தான், சிற்றிக்குள்ளே ஓடுவதற்கு எதற்கு என்று இருந்தேன். மோர்னிங்சைட் அவெனியூ எல்ஸ்மியரிலிருந்து தெற்கே ஹைலண்ட் கிறீக் பள்ளத்துக்கு இறங்குகிறதே, அந்த இறக்கம். பின்னேரம் ஆறு மணி இருக்கும், மனைவி பக்கத்தில். அன்று ஸ்னோ கொட்டவில்லை. மத்தியானம் கொஞ்சம் வெயில் அடித்து ஓரத்து ஸ்னோ உருகி றோட்டில் ஓடி, இருட்டியதும் திரும்ப உறைந்திருந்தது. முன்னால் பஸ் ஒன்று நிற்கிறது, நான் 40க்கும் குறைவாகத்தான் வருகிறேன், பிரேக்கை மிதிக்கிறேன், பெடல் காலுக்குக் கீழே கடகடவென்று அடிக்கிறது, கார் வேகம் குறையாமல் தன்பாட்டில் போய்க்கொண்டே இருக்கிறது. கடைசியில் ஸ்ரியறிங்கை வலப்பக்கம் வெட்டி ஓரக்கட்டில் ஏற்றித்தான் நிறுத்தினேன். ஒரு றிம் வளைந்தது, ஆளுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த இரண்டு மூன்று விநாடியில் மனைவி ஒரு சத்தமும் போடாமல் என் கையைப் பிடித்த பிடி இன்னும் நினைவிருக்கிறது.

பிரேக் அடிக்கும்போது சில்லு பூட்டிக்கொள்ளாமல் பார்க்கிற ஏபிஎஸ் இருந்தது, அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. ஆனால் இருக்கிற பிடியைப் பங்கிட்டுக் கொடுக்கத்தான் அதற்குத் தெரியும். இல்லாத பிடியை அது எங்கே போய் எடுக்கும்?

2024 ஒக்டோபர் 27

7 பாகை பற்றி நான் எழுதியதை ஒருவர் மறுத்திருக்கிறார். அவர் சொல்வது பெரும்பாலும் சரி, ஆகவே திருத்துகிறேன்.

றப்பர் தேங்காய் எண்ணெய் மாதிரி ஒரு பாகையில் திடீரென்று உறைகிற சாமான் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறுகும். 8இல் நல்ல ரயர், 6இல் கெட்ட ரயர் என்று இல்லை. காய்ந்த றோட்டில் 3, 4 பாகையில் ஒரு நல்ல ஓல் சீசன் வின்ரர் ரயரைவிடக் கிட்ட நிற்கவும் கூடும், ஏனென்றால் வின்ரர் ரயரின் கட்டைகள் மெத்தென்று இருப்பதால் பிரேக் போடும்போது நெளியும். 7 என்பது எப்போது மாற்றலாம் என்று நாள் பார்க்க உதவுகிற ஒரு கணக்கு. வித்தியாசம் பெரிதாகத் தெரிவது ஸ்னோவிலும் ஐஸிலும்தான்.

அப்படியானால் ரொறன்ரோவில் ஒரு வின்ரரில் எத்தனை நாள் ஸ்னோ இருக்கிறது என்று அடுத்த கேள்வி வரும். நான் இதை வேறு விதமாகப் பார்க்கிறேன். ஐஸ் எல்லாக் குளிரிலும் ஒரே மாதிரி வழுக்குவதில்லை. மைனஸ் 20இல் அது காய்ந்து கரடாக இருக்கும், ஓரளவு பிடிக்கும். சைபருக்குக் கிட்ட, மைனஸ் 1, மைனஸ் 2இல்தான் அதன் மேல் மெல்லிய நீர்ப்படலம் நின்று மோசமாக வழுக்கும். வின்னிபெக்கில் மாதக்கணக்காக உறைந்தே கிடக்கும். இங்கே உருகுவதும் உறைவதுமாக ஒரே நாளில் சைபரை இரண்டு தரம் தாண்டும். ஆகவே குளிர் குறைந்த ஊர் என்பதால் வழுக்கலும் குறைவு என்று நினைக்காதீர்கள்.

உப்பும் எல்லா நாளும் வேலை செய்யாது. மைனஸ் 10ஐத் தாண்டினால் சாதாரண உப்பு சோர்ந்து விடும். அதனால்தான் கடுங்குளிரில் சிற்றி பீற்றூட் சாறு கலந்த உப்புத் தண்ணீர் தெளிக்கிறது. முதன்முறை கேட்டபோது நானும் நம்பவில்லை, உண்மைதான். அதைவிட, உப்பு வண்டி முதலில் போவது பெரிய றோட்டுகளுக்கு. நீங்கள் வேலைக்குக் கிளம்பும் நேரம் உங்கள் ஒழுங்கைக்கு அது வந்திருக்காது.

2024 நவம்பர் 3

காசுக் கணக்கு. போன வருடம் மனைவியின் காருக்கு நான்கு 16 அங்குல வின்ரர் ரயரும் நான்கு இரும்பு றிம்மும் பூட்டுக்கூலியோடு கிட்டத்தட்ட 1,100 டொலர் முடிந்தது. பெரிய தொகைதான். ஆனால் வின்ரர் ரயர் ஓடுகிற ஐந்து மாதமும் மற்ற நான்கும் தேயாமல் கிடக்கும். ஆகவே இரண்டு சோடியும் சேர்ந்து அதிக வருடம் ஓடும், முழுவதும் மேலதிகச் செலவு என்று எண்ண வேண்டியதில்லை.

றிம்மோடு வாங்குவது நல்லது. ஒரே றிம்மில் வருடத்துக்கு இரண்டு தரம் ரயரைக் கழற்றிக் கழற்றிப் போட்டால் விளிம்பு பழுதாகும், கூலியும் கூட. பிரேக்குக்கு இடம் இருந்தால் ஒரு அங்குலம் சிறிய றிம்மும் போடலாம். ரயர் மலிவு, பக்கச் சுவர் உயரமாக இருப்பதால் மார்ச் மாதத்துக் குழிகளில் விழுந்தாலும் றிம் தப்பும்.

இன்சூரன்ஸ்: ஒன்ராறியோவில் 2016 ஜனவரி முதல் வின்ரர் ரயருக்குக் கழிவு கொடுக்க வேண்டும் என்பது கம்பனிகளுக்குச் சட்டம். பெரிய கழிவு இல்லை, எனக்கு ஐந்து வீதத்துக்கும் குறைவு. ஆனால் நீங்கள் போன் அடித்துச் சொன்னால்தான் போடுவார்கள். புதிதாக வந்தவர்களின் இன்சூரன்ஸ் என்ன விலை என்று எனக்குத் தெரியும், அதில் சிறு வீதமும் காசுதான். பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

இப்போது உங்கள் உண்மையான பிரச்சினைக்கு வருகிறேன். இடம். பேஸ்மென்றில் குடியிருப்பவர் நான்கு ரயரை எங்கே வைப்பது? இதை ஒக்டோபர் 20இல் நான் யோசிக்கவே இல்லை. எனக்கு கராஜ் இருக்கிறது, ஆகவே தோன்றவில்லை. சில ரயர் கடைகள் ஒரு சீசனுக்குக் காசு வாங்கி வைத்துக் கொடுக்கும், ஆனால் அது வருடா வருடம் வரும் செலவு.

ஆகவே உங்களுக்கு மூன்றாவது வழி ஒன்று சொல்கிறேன்: ஓல் வெதர் ரயர். ஓல் சீசன் வேறு, ஓல் வெதர் வேறு. கடையில் இரண்டு பெயரையும் மாறி மாறிச் சொல்லி உங்களைக் குழப்புவார்கள், காது கொடுத்துக் கேளுங்கள். ஓல் வெதரில் அந்த மலைச் சின்னம் இருக்கும். வருடம் முழுவதும் கழற்றாமல் ஓடலாம். ஸ்னோவில் ஓல் சீசனைவிட எவ்வளவோ மேல். ஐஸில் நல்ல வின்ரர் ரயருக்குப் பின்னால்தான் நிற்கும், ஏனென்றால் மலைச் சின்னத்துக்கான சோதனை அமர்ந்த ஸ்னோவில் எவ்வளவு பிடித்து இழுக்கிறது என்பதைப் பார்க்கிறதே தவிர, ஐஸில் நிற்பதைப் பார்ப்பதில்லை.

ஒரு நாளைக்கு 22 கிலோமீற்றர், ஹைவே இல்லை, இடம் இல்லை. உங்களுக்கு ஓல் வெதர் சரி. என் முதல் பதிலை இந்த அளவுக்கு மாற்றிக்கொள்கிறேன். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்புகிற வேலை என்றால் மட்டும் மாற்ற மாட்டேன்.

2024 நவம்பர் 5

"முன்சில்லுதானே இழுக்கிறது, முன்னுக்கு இரண்டு மட்டும் வாங்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் பிடிக்காது, வளைவில் பிரேக் தொட்டதும் பின்பக்கம் சுற்றிக்கொண்டு முன்னுக்கு வரும். நான்கும் ஓல் சீசனாக இருப்பதைவிட அது ஆபத்து. நான்கு அல்லது ஒன்றுமில்லை.

2024 நவம்பர் 11

இன்று மனைவியின் காருக்கு மாற்றியாகிவிட்டது. வெளியே வெயில், ஒருவரும் கோட் கூடப் போடவில்லை, பக்கத்து வீட்டு அண்ணை பார்த்துச் சிரித்தார். 2019இல் இதே நவம்பர் 11இல்தான் ரொறன்ரோவில் வழமைக்கு முந்தியே ஸ்னோ கொட்டியது. அன்று பாதி ஊர் ஓல் சீசனில் இருந்தது. அடுத்த இரண்டு கிழமைக்கு எந்த கராஜிலும் நேரம் கிடைக்கவில்லை.

மனைவி பிஎஸ்டபிள்யூ, அதாவது முதியோரைப் பராமரிக்கிற வேலை, முதியோர் இல்லத்தில். ஏழு மணி ஷிப்ற்றுக்கு ஆறு மணிக்கே கிளம்பி விடுவாள். அந்த நேரத்தில் அந்த றோட்டுகளில் ஓடுகிறவர்களில் பாதிப் பேர் எங்கள் பெண்கள்தான். ஒரு வீட்டில் இரண்டு கார் இருந்து, ஒன்றுக்குத்தான் வின்ரர் ரயர் வாங்கலாம் என்றால், புதிய பெரிய காருக்குப் போடாமல் விடிய எழும்பிப் போகிறவரின் காருக்குப் போடுங்கள். இதைப் பல வீடுகளில் மாறிச் செய்கிறார்கள், பார்க்க மனம் வருந்துகிறது.

2024 நவம்பர் 24

பழைய வின்ரர் ரயர் 200 டொலருக்கு ஒருவர் விற்கிறார், வாங்கலாமா என்று வேறொருவர் கேட்டிருந்தார். இரண்டு விடயம் பாருங்கள். ரயரின் பக்கத்தில் டொட் (DOT) என்று தொடங்கும் நீண்ட எண் இருக்கும், அதன் கடைசி நான்கு இலக்கம்தான் பிறந்த திகதி. 3518 என்றால் 2018ஆம் ஆண்டின் 35ஆவது கிழமை. ஆறேழு வருடம் தாண்டிய வின்ரர் ரயரில் பூவெட்டு மிச்சம் இருந்தாலும் றப்பர் இறுகியிருக்கும், நகத்தால் அழுத்திப் பார்த்தாலே தெரியும். அடுத்தது ஆழம். 4 மில்லிமீற்றருக்குக் குறைந்ததை ஸ்னோவில் ஓடாதீர்கள். சட்டப்படி தேய்ந்த ரயர் என்பது வேறு, ஸ்னோவுக்குத் தேய்ந்தது என்பது வேறு.

மாற்றிய பிறகு ஒரு வேலை இருக்கிறது. 50இலிருந்து 100 கிலோமீற்றருக்குள் நட்டுகளைத் திரும்ப இறுக்கிப் பாருங்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு கராஜில் மாற்றி மூன்றாம் நாள், ஹைவே 401இல் ஸ்ரியறிங் நடுங்கத் தொடங்கியது. ஓரம் கட்டிப் பார்த்தால் இடது முன்சில்லில் ஐந்தில் மூன்று நட்டு கையால் சுழல்கிறது. திரும்பிப் போய்க் கேட்டதற்கு "இறுக்கித்தான் விட்டோம்" என்றார்கள். அதற்குப் பிறகு எவ்வளவு இறுக்கம் என்று அளந்து காட்டுகிற டோர்க் றெஞ்ச் ஒன்று சொந்தமாக வாங்கிவிட்டேன். நான் இறுக்குவது என் வீட்டு ஆட்கள் ஏறுகிற கார், வேறு யாருடைய சொல்லையும் அதில் நம்புவதாக இல்லை.

2024 டிசம்பர் 6

மொன்றியலில் இருக்கும் அக்கா ஒருவர், "இவ்வளவு விவாதம் எதற்கு, இங்கே சட்டம், போட்டே ஆக வேண்டும்" என்று எழுதியிருக்கிறார். ஆம், கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். 2008இல் தொடங்கியபோது டிசம்பர் 15ஆக இருந்தது, பிறகு முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். மலைச் சின்னம் உள்ள ஓல் வெதரும் அங்கே செல்லும். ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லை, இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் காசில்லாதவர்களுக்கு அதோடு ஒரு உதவியும் செய்ய வேண்டும், சட்டம் மட்டும் போட்டால் வாடகைக்கு இருப்பவன் தலையில்தான் விழும்.

போன கிழமை முடிவில் கிரேவன்ஹேர்ஸ்ற் பக்கம் ஒரு மீற்றருக்கு மேல் கொட்டி ஹைவே 11இல் வாகனங்கள் இரவிரவாக நின்றதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்காபரோவில் அதே நேரம் றோட் காய்ந்திருந்தது. இரண்டு மணி நேர ஓட்டத்தில் வேறு நாடு. "சிற்றிக்குள்ளேதான்" என்று ரயர் வாங்குகிறவர்கள் ஒரு சாமத்தியவீட்டுக்கு ஒட்டாவா போக வேண்டி வரும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

ஆணி அடித்த ரயர் பற்றி: தென் ஒன்ராறியோவில் அனுமதி இல்லை, வடக்கில் மட்டும்தான்.

விடயத்தை விட்டு ஒரு சங்கதி. உலகின் முதல் வின்ரர் ரயர் என்று சொல்லப்படுவது 1934இல் பின்லாந்தில், லொறிகளுக்காகச் செய்தது. அந்த றப்பர் தொழிற்சாலைதான் பின்னாளில் நொக்கியா கம்பனியோடு இணைந்தது, 1988இல் ரயர் வேலை நொக்கியன் என்று தனியாகப் பிரிந்தது. எங்களில் பலர் ஊருக்குக் கதைத்த முதல் போனும் அந்த ரயரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

2025 ஜனவரி 22

விடிய மைனஸ் இருபதை ஒட்டி. பலருக்கு டாஷ்போர்ட்டில் ரயர் லைற் எரிந்திருக்கும். பெரும்பாலும் ஓட்டை இல்லை, பதற வேண்டாம். ஐந்தரைப் பாகை இறங்க ரயரின் காற்றழுத்தம் ஒரு பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) இறங்கும். கராஜுக்குள்ளே 15 பாகையில் காற்று அடித்திருந்தால் இன்று வெளியே ஆறு குறைந்திருக்கும். கதவுத் தூணில் ஒட்டியிருக்கிற அளவுக்குக் குளிரிலேயே அடியுங்கள். வழுக்கும் காலத்தில் காற்றைக் குறைத்தால் நல்லாகப் பிடிக்கும் என்பது மணலுக்குப் பொருந்தும், இங்கே வேண்டாம்.

2025 பெப்ரவரி 18

ஒரு கிழமைக்குள் இரண்டு பெரிய ஸ்னோ. வாசலில் தள்ளி வைத்த குவியல் என் நெஞ்சளவுக்கு நிற்கிறது.

நேற்று குடும்ப தின விடுமுறை. பக்கத்து வீட்டு அண்ணையும் நானும் ஒரு வெறும் வாகனத் தரிப்பிடத்துக்குப் போய், நெடுநாள் வாக்குவாதம் ஒன்றைத் தீர்த்துக்கொண்டோம். அவருடையது நான்கு சில்லும் இழுக்கும் எஸ்யூவி, ஓல் சீசன். மனைவியின் சிறிய கார், வின்ரர் ரயர். புறப்படுவதில் அவர் வண்டிதான் முன்னுக்குப் போனது, சந்தேகமே இல்லை. அப்புறம் இருவரும் 30இல் வந்து ஒரே கோட்டில் பிரேக் அடித்தோம். அவர் வண்டி எங்கள் காரைத் தாண்டி இன்னொரு கார் நீளமும் போய்த்தான் நின்றது. மூன்று தரம் செய்தோம், மூன்றும் அப்படியே. அவர் இறங்கி வந்து கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "இழுக்கிறதைத்தான் இவ்வளவு நாளும் பார்த்தேன், நிற்கிறதைப் பார்க்கவில்லை" என்றார். இந்த நான்கு மாதமும் நான் எழுதியதில் இந்த ஒரு வரி எனக்கு வரவில்லை.

கேள்வி கேட்ட தம்பி நவம்பர் கடைசியில் ஓல் வெதர் போட்டுவிட்டதாகவும், இந்தக் கிழமை ஒரு நாளும் வேலைக்குப் போகாமல் நிற்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார். பிறிம்லி றோட்டின் தெற்கு முனையில் ஏரிக்கு இறங்கும் அந்தச் செங்குத்து இறக்கத்தில் போய்ப் பரிசோதித்துப் பார்க்கலாமா என்று கேட்கிறார். வேண்டாம் தம்பி. ஏற முடியும் என்பதற்காக இறங்கக்கூடாது.

2025 மார்ச் 31

வார இறுதியில் ஒறிலியா, பீற்றர்பரோ பக்கம் உறைமழை. மரங்கள் முறிந்து மின்சாரம் இல்லை. பரி (Barrie) நகரில் தங்கையின் வீடு, போகலாமா, நல்ல வின்ரர் ரயர்தானே என்று ஒருவர் கேட்டிருந்தார். நேற்றே பதில் போட்டேன், இங்கேயும் எழுதுகிறேன்: கண்ணாடி போல் ஐஸ் படிந்த றோட்டில் ஆணியில்லாத எந்த ரயரும் உங்களைக் காப்பாற்றாது. வின்ரர் ரயர் போட்டவர்களுக்கு வருகிற ஒரு துணிவு இருக்கிறதே, அதைப் பற்றித்தான் எனக்கு இப்போது பயம். நான் இவ்வளவு அழுத்திச் சொன்னதால் யாராவது துணிந்து போய்விடக்கூடாது. அவர் போகவில்லை. தங்கைக்கு இரண்டு நாள் கழித்து மின்அடுப்பில் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றிருக்கிறார்.

2025 ஏப்ரல் 20

காலையிலும் 7க்கு மேல் நிற்கத் தொடங்கிவிட்டது. இன்று கழற்றினேன். வெயிலில் வின்ரர் ரயரோடு ஓடினால் அழிறப்பர் மாதிரித் தேயும், சூடான றோட்டில் நிற்கும் தூரமும் கூடும். ஆகவே சோம்பலில் ஜூன் வரை விடாதீர்கள்.

அளந்து பார்த்தேன். முன்னிரண்டும் 6 மில்லிமீற்றர், பின்னிரண்டும் 7. இன்னும் இரண்டு வின்ரர் தாங்கும். உப்பைக் கழுவி, காயவிட்டு, "வலது முன்", "இடது பின்" என்று சோக்கால் எழுதி, கறுப்புப் பையில் கட்டி கராஜ் மூலையில் அடுக்கியாகிவிட்டது. ஒக்டோபரில் முன்னதைப் பின்னுக்கு மாற்றிப் போட வேண்டும். நட்டுகளைப் புதன்கிழமை திரும்ப இறுக்க வேண்டும், மனைவி போனில் அலாரம் வைத்திருக்கிறாள்.